வில் யாருடையது? ஜாவா நிழற்கூத்தில் இளவரசி ஸ்ரீகண்டி

பாரதத்தில் நமக்குத் தெரிந்த சிகண்டிக்குக் கிடைப்பது ஒரே ஒரு நாள். குருட்சேத்திரத்தின் பத்தாம் நாள். பெண்ணாகப் பிறந்தவர் மேல் அம்பு விடமாட்டேன் என்று பீஷ்மர் உறுதி வைத்திருக்கிறார். அதனால் சிகண்டியை முன்னால் நிறுத்துகிறார்கள், அர்ஜுனன் பின்னால் நின்று எய்கிறான். சிகண்டியும் எய்யாமல் இல்லை. ஆனால் உடம்பில் தைத்த அம்புகளை உணர்ந்து, இவை அர்ஜுனனின் அம்புகள், சிகண்டியுடையவை அல்ல என்று பீஷ்மரே சொல்லிவிடுகிறார். எத்தனையோ வருஷம் காத்திருந்த பகை, கடைசியில் அதை முடித்த கைகூடத் தன்னுடையதல்ல என்றாகிவிடுகிறது. இன்றைக்கும் நம் ஊர் மேடைப் பேச்சில் ஒருவரைச் சிகண்டி என்று சொன்னால் அது மரியாதைக்காகச் சொன்னதில்லை.

இதே பாத்திரம் கடல் தாண்டி ஜாவாவுக்குப் போனதும் கதையே வேறாகிறது. அங்கே ஸ்ரீகண்டி ஓர் இளவரசி. பாஞ்சால மன்னன் துருபதனின் நடுப் பிள்ளை. மூத்தவள் திரௌபதி, இளையவன் திருஷ்டத்யும்னன். ஸ்ரீகண்டி விற்பயிற்சி பெற்றவள், அர்ஜுனனின் மனைவிகளில் ஒருத்தி, அவனுடைய மதுகரா அரண்மனையின் காவலுக்குப் பொறுப்பானவள், பாரதப் போரில் பாண்டவர் படைக்குத் தலைமை தாங்குபவள். பீஷ்மரை வீழ்த்தும் அம்பும் அவளுடையதே. இந்தோனேசியாவில் எந்தத் துறையிலும் துணிந்து முன்னுக்கு வரும் பெண்ணைப் பத்திரிகைகள் ஸ்ரீகண்டி என்றே புகழ்கின்றன.

ஜாவாக்காரர்கள் மூலக்கதையைச் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை, ஆணைப் பெண்ணாக மாற்றிவிட்டார்கள் என்று இதை ஒரே வரியில் முடித்துவிடுபவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஆணா பெண்ணா என்று சிகண்டியைச் சுற்றியிருந்த சிக்கல் என்ன என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. அந்தச் சிக்கலை அவர்கள் அவிழ்த்த விதம் வேறு. அவளைப் பெண்ணாகவே இருக்கவிட்டார்கள். அப்புறம் அவளுக்கு என்று ஒரு வாழ்க்கையைக் கொடுத்தார்கள். எப்படிக் கொடுத்தார்கள் என்று பார்க்க, அவர்களுடைய கூத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஜாவாவில் நிழற்கூத்துக்குப் பெயர் வயாங் கூலிட். எருமைத் தோலைச் சுரண்டி, பதப்படுத்தி, நுண்ணிய உளிகளால் ஓட்டை ஓட்டையாகச் செதுக்கி, வண்ணமும் பொன் இலையும் பூசி, எருமைக் கொம்பால் ஆன பிடியில் பொருத்துவார்கள். கெலிர் என்கிற வெள்ளைத் திரை, மேலே தொங்கும் ஒரு விளக்கு, திரைக்கு அடியில் பாவைகளைக் குத்தி நிறுத்த வாழைத்தண்டு, பின்னால் கமலான் இசைக்குழு. எல்லாவற்றுக்கும் நடுவில் டலாங் உட்கார்ந்திருப்பார். ராத்திரி ஒன்பது மணி வாக்கில் தொடங்கி விடியும்வரை அவர் எழுந்திருப்பதில்லை. எல்லாப் பாவைகளையும் அவரே ஆட்டுகிறார், எல்லாக் குரலிலும் அவரே பேசுகிறார், மரச்சுத்தியால் பாவைப்பெட்டியைத் தட்டி இசைக்குழுவுக்கும் அவரே சைகை கொடுக்கிறார்.

இது மிகப் பழைய கலை. தெய்வங்களுக்காக வயாங் ஆடிய செய்தி மத்திய ஜாவாவின் 907ஆம் ஆண்டுச் சாசனம் ஒன்றிலேயே இருக்கிறது. ஏறக்குறைய 1030இல் ஐர்லங்கா மன்னன் காலத்தில் ம்பு கன்வா எழுதிய அர்ஜுன விவாஹம் என்ற காவியத்தில், பாவைக்கூத்துப் பார்த்து அழும் மக்களைப் பற்றி ஓர் இடம் வருகிறது. அசைவதும் பேசுவதும் செதுக்கிய தோல்தான் என்று தெரிந்திருந்தும் அவர்கள் அழுகிறார்கள் என்கிறார் கவிஞர். பாரதப் பருவங்கள் பழைய ஜாவானிய உரைநடைக்கு வந்தது பத்தாம் நூற்றாண்டின் கடைசியில். விராட பருவத்துக்கு 996 என்று ஆண்டே தெரியும். போரை மட்டும் பாடும் பாரதயுத்தம் என்ற காவியத்தை 1157இல், கெடிரி மன்னன் ஜெயபயனின் ஆட்சியில், ம்பு செடா தொடங்கினார். ம்பு பனுலு முடித்தார்.

ஆனால் கூத்துமேடையில் நடக்கும் கதைகள் இந்த ஏடுகளோடு நின்றுவிடுவதில்லை. அடிமரம் போன்ற மூலக்கதைகளுக்கு பாகெம் என்று பெயர். அதிலிருந்து கிளைத்து உள்ளூரில் வளர்ந்தவை சராங்கான், அதாவது கிளைக்கதைகள். வடமொழிப் பாரதத்தில் தேடினால் இவை கிடைக்காது. ஸ்ரீகண்டி பெரும்பாலும் வாழ்வது இந்தக் கிளைக்கதைகளில்தான்.

முதலில் பாவையைப் பார்ப்போம், ஏனென்றால் டலாங் வாய் திறப்பதற்கு முன்பே பாவை பாதி சொல்லிவிடும். வயாங்கில் ஒரு பாத்திரத்தின் குணத்தை முகச்சாய்விலேயே படித்துவிடலாம். தலை குனிந்து, பார்வை மண்ணை நோக்கியிருந்தால் அது லுரு வகை: அடக்கம், பொறுமை, உள்ளுக்குள் திரண்ட வலிமை. முகம் நிமிர்ந்து நேரே பார்த்தால் அது லன்யாப்: சுறுசுறுப்பு, துடுக்கு, மனதில் பட்டதை உடனே சொல்லிவிடும் இயல்பு. அர்ஜுனனே லுரு வகைதான். அவனுடைய மனைவி செம்பத்ரா, நமக்குத் தெரிந்த சுபத்திரை, லுரு வகைக்கு இலக்கணம். அவள் பாவையில் தலை நன்றாகக் கவிழ்ந்திருக்கும். அவளுக்காக டலாங் எடுக்கும் குரல் தாழ்ந்து, மெதுவாக, இழுத்து இழுத்து வரும். ஸ்ரீகண்டியின் பாவையை அதன் பக்கத்தில் வைத்தால் உடல்வாகும் கூர்மூக்கும் நெல்மணி போல் ஒடுங்கிய கண்ணும் கிட்டத்தட்ட ஒன்றுதான். முகம் மட்டும் நிமிர்ந்திருக்கிறது. குரல் மேலே ஏறுகிறது, சொற்கள் வேகமாக வருகின்றன. கழுத்துச் சாய்வின் சில பாகைகளில் இரண்டு பெண்கள் பிரிந்துவிடுகிறார்கள்.

ஒரே பாத்திரத்துக்கு மனநிலைக்கு ஏற்ப வேறுவேறு பாவைகளும் உண்டு. வண்டா என்பார்கள். ஸ்ரீகண்டிக்கு மூன்று வண்டா சொல்வது வழக்கம்: கோலெங், நெனெஸ், பட்ரெம். பட்ரெம் என்பது ஜாவாப் பெண்கள் இடுப்பில் செருகிக்கொள்ளும் சிறு குத்துவாள். ஓர் இளவரசியின் பாவைக்கு ஆயுதத்தின் பெயரை வைத்திருக்கிறார்கள் என்பது எனக்குச் சின்ன விஷயமாகப் படவில்லை.

செம்பத்ராவும் ஸ்ரீகண்டியும் ஒரே வீட்டில் சக்களத்திகள். இருவரில் யார் சரியான பெண் என்று கூத்து தீர்ப்புச் சொல்வதே இல்லை. அரசியல் அறிஞர் பெனடிக்ட் ஆண்டர்சன் 1965இல் வயாங் பாத்திரங்களைப் பற்றி எழுதியபோது இதைத்தான் பிடித்துக்கொண்டார். ஒன்றுக்கொன்று முரணான குணங்களுக்குக்கூட ஜாவானியப் புராண உலகம் சம மரியாதை தருகிறது. அதைப் பார்த்து வளரும் குழந்தைக்குத் தன் இயல்புக்கு ஏற்ற முன்மாதிரி ஒன்று கிடைத்துவிடுகிறது, அந்தச் சமூகத்தின் சகிப்புத்தன்மைக்கு இது ஒரு வேர் என்பது அவர் வாதம். சமூகம் முழுவதையும் அதைக்கொண்டு விளக்கிவிட முடியுமா என்பது வேறு கேள்வி. ஆனால் கூத்துத் திரையைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரி. வாயாடிப் பெண்ணை அடக்கி ஒடுக்கி வழிக்குக் கொண்டுவரும் முடிவு ஸ்ரீகண்டிக்கு எழுதப்படவில்லை.

அவளுடைய கதைகளில் மிகப் பிரபலமானது 'ஸ்ரீகண்டி மகுரு மனா', அதாவது ஸ்ரீகண்டி வில்வித்தை கற்கப் போகும் கதை. பரங்குபர்ஜா நாட்டு மன்னன் ஜுங்குங்மார்டெயா பெண் கேட்கிறான். துருபதன் சம்மதித்துவிடுகிறார். கல்யாண ஏற்பாடு நடக்கும்போது பெண்ணைக் காணோம். ஸ்ரீகண்டி நேரே மதுகராவுக்குப் போய் அர்ஜுனன் முன்னால் நின்று, எனக்கு வில் கற்றுக்கொடுங்கள் என்கிறாள். அவன் மேல் ஆசை இருப்பது பார்ப்பவர்களுக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். ஆனாலும் அவள் கேட்பது வில்லைத்தான். அதையும் சாக்குக்காகக் கேட்கவில்லை, உண்மையாகவே கற்கிறாள். பாவை பாவையோடு ஒட்டி நிற்க, டலாங் அர்ஜுனனின் கையால் அவள் கையை வில்லில் பொருத்திக் காட்டும் இடம் முழுக்கக் காதல் காட்சியாகவும் இருக்கிறது, முழுக்கப் பாடமாகவும் இருக்கிறது. செம்பத்ராவுக்கு இது தெரிந்து கோபம் வருகிறது. அந்தக் கோபத்தை எவ்வளவு நீட்டுவது, எவ்வளவு சிரிக்கவைப்பது என்பது அந்தந்த டலாங்கின் கைவண்ணம்.

தேடி வந்த ஜுங்குங்மார்டெயா அர்ஜுனனிடம் தோற்று அழிகிறான். இதோடு கல்யாணம் என்று நினைத்தால் இல்லை. ஸ்ரீகண்டி நிபந்தனை வைக்கிறாள். பாழடைந்த மயெராகாச்சா தோட்டத்தைச் செப்பனிட்டுத் தர வேண்டும். வில்லில் எனக்கு ஈடு கொடுக்கும் ஒரு பெண்ணைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். ஆணை அல்ல, பெண்ணை. எனக்கு இந்தக் கதையில் மிகப் பிடித்தது இந்த இரண்டாவது நிபந்தனைதான். நம் காவியங்களில் வில்லை வைத்து நடக்கும் சுயம்வரங்களில் ஆண்கள் போட்டியிடுவார்கள், பெண் மாலையோடு காத்திருப்பாள். இங்கே மணப்பெண்ணே வில்லேந்தி நிற்கிறாள், எதிரில் நிற்பதும் பெண்.

அப்படி வந்து நிற்பவள் லாராசதி. அவளும் அர்ஜுனனின் மனைவிதான், ஆனால் அரச குலத்தவள் இல்லை. விதாரகண்டாங் என்ற கிராமத்தில், அந்தகோபன் வீட்டில் வளர்ந்தவள். நந்தகோபனைத்தான் ஜாவாவில் அந்தகோபன் என்கிறார்கள். அந்த இடையர் வீட்டுப் பெண் இளவரசிக்கு ஈடு கொடுக்கிறாள். சில சொல்முறைகளில் ஜெயிக்கவும் செய்கிறாள். ஸ்ரீகண்டிக்கு அது அவமானமாக ஆவதில்லை. தன் வார்த்தைப்படி அர்ஜுனனை மணக்கிறாள். இந்தப் போட்டி தனி நடனமாகவும் ஆடப்படுகிறது. அந்தத் தோட்டத்தின் பெயர் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: மத்திய ஜாவாவின் மரபு வீடுகளைக் காட்டுவதற்காக செமாராங் நகரில் அமைத்த பூங்காவுக்கு மயெராகாச்சா என்றே பெயர்.

கிராமத்துக் கூத்துக்காரர்களும் அரசவைக் கவிஞர்களும் ஆயுதம் ஏந்திய பெண்ணை முழுக்கக் கற்பனையில் உருவாக்கவில்லை. ஜாவா அரண்மனைகளில் பெண்கள் படை உண்மையிலேயே இருந்தது. பிரஜுரித் எஸ்த்ரி என்று அதற்குப் பெயர். சுரகார்த்தாவில் 1757இலிருந்து 1795வரை ஆண்ட முதலாம் மங்குநெகராவின் பெண்கள் படையைச் சேர்ந்த ஒருத்தி 1781 முதல் 1791 வரை எழுதிய நாட்குறிப்பு கிடைத்திருக்கிறது. அரண்மனை விழாக்கள், தொழுகை, பணக் கணக்கு, டச்சுக்காரர்களுடனான உறவு, படைவீரர்களின் பயிற்சி என்று பத்து ஆண்டு அரசவை வாழ்க்கையை ஒரு பெண் உள்ளிருந்து பதிவு செய்திருக்கிறாள். யோக்யகர்த்தாவில் சுல்தான் இரண்டாம் ஹமெங்குபுவனாவிடம் லங்கென்குசுமா என்ற பெண்கள் படை இருந்தது. குதிரையேற்றமும் துப்பாக்கியும் பழகியவர்கள். அரண்மனைப் பெண்கள் ஆடும் ஸ்ரிம்பி நடனத்தில் நான்கு பேர் மிக மெதுவாக, முகத்தில் சலனமே இல்லாமல் நகர்ந்துகொண்டிருப்பார்கள். அவர்கள் ஆடிக் காட்டுவது போர். கையில் குத்துவாளோ அம்போ இருக்கும், சில ஸ்ரிம்பிகளில் கைத்துப்பாக்கியே இருக்கும்.

அதனால் எல்லாமே பெண்ணுக்குச் சாதகமாக இருந்தது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அதே சுரகார்த்தாவில் 19ஆம் நூற்றாண்டில், மன்னன் ஒன்பதாம் பாகுபுவனாவின் விருப்பப்படி அரசவைக் கவிஞர் ரங்கவர்சிதா எழுதிய சந்திரரினி என்ற அறநூல் இருக்கிறது. அர்ஜுனனின் ஐந்து மனைவிகளை முன்மாதிரியாக வைத்துப் பெண்களுக்குப் புத்தி சொல்லும் நூல் அது: செம்பத்ரா, மனுஹரா, உலூபி, கந்தவதி, ஸ்ரீகண்டி. கணவனின் மனம் கோணாமல் எப்படி நடப்பது, சக்களத்திகளோடு எப்படி ஒத்துப்போவது என்பதே பாடம். வில்லெடுத்த பெண்ணையும் அந்த வரிசையில் ஒரு நல்ல மனைவியாக உட்காரவைத்துவிட்டார்கள். கூத்தின் ஸ்ரீகண்டியை ரசிக்கிற எவரும் இந்த நூலை மறந்துவிடக் கூடாது. ஒரே பெயரை அரண்மனை ஒருவிதமாகவும் கூத்துத்திரை வேறுவிதமாகவும் பயன்படுத்தி வந்திருக்கின்றன.

அவள் வேலையில் இறங்கும் கதையைப் பார்க்க வேண்டுமென்றால் முஸ்தகவெனி கதைதான். அர்ஜுனனால் கொல்லப்பட்ட அசுர மன்னன் நிவாதகவசனின் மகள் முஸ்தகவெனி. பழிவாங்க வந்தவள் கடோத்கஜன் உருவெடுத்துப் பாண்டவர்களின் நாடான அமர்த்தாவுக்குள் நுழைந்து, பாண்டவர்களின் மூத்தவர் யுதிஷ்டிரரின் உயிர்ப்பொருளான காலிமசாதா என்ற புனித ஏட்டைத் திருடிக்கொண்டு போகிறாள். துரத்துபவள் ஸ்ரீகண்டி. பெண்ணும் பெண்ணும் நேருக்கு நேர் மோதும் இந்தச் சண்டையை நடனக்காரர்கள் தனியாகவே ஆடுகிறார்கள். ஸ்ரீகண்டியால் ஏட்டை மீட்க முடிவதில்லை. அந்த நேரத்தில் அப்பாவைத் தேடி வரும் பிரியம்பதா என்ற இளைஞன் எதிர்ப்படுகிறான். அர்ஜுனனுக்கு வேறொரு மனைவியிடம் பிறந்த பையன். ஏட்டை மீட்டுக் கொடு, உன் அப்பாவிடம் நானே கூட்டிப்போகிறேன் என்கிறாள் ஸ்ரீகண்டி. அவன் மீட்டுக் கொடுக்கிறான், கடைசியில் முஸ்தகவெனியையே மணந்துகொள்கிறான்.

வயாங் மரபில் ஸ்ரீகண்டிக்குக் குழந்தை கிடையாது. அதை ஒரு குறையாகச் சொல்லிப் புலம்பும் காட்சியும் இல்லை. ஆனால் வேறொருத்தியின் மகனை முதலில் எதிர்கொண்டு, வேலை கொடுத்து, சொன்னபடி அப்பாவிடம் சேர்ப்பது அவள்தான்.

குழந்தை கிடையாது என்று சொன்னதற்கு விசித்திரமான விதிவிலக்கு ஒன்று இருக்கிறது. வடமொழிப் பாரதத்தில் சிகண்டி பெண்ணாகப் பிறந்து, மகனாக வளர்க்கப்பட்டு, தசார்ண நாட்டு இளவரசியைக் கட்டிக்கொண்டு மாட்டிக்கொள்கிறாள். காட்டில் ஸ்தூணன் என்ற யட்சன் தன் ஆண்மையை மாற்றிக்கொடுக்கிறான். ஜாவாக்காரர்கள் ஸ்ரீகண்டியைப் பெண்ணாகவே வைத்துக்கொண்டாலும் இந்தப் பகுதியைத் தூக்கி எறியவில்லை. தனிக் கிளைக்கதையாக வைத்திருக்கிறார்கள். அதில் ஸ்ரீகண்டி மதுகராவை விட்டு வெளியேறி, கண்டிஹாவா என்ற பெயரில் ஆணாக உலவுகிறாள். துர்னிதி என்ற இளவரசியை மணக்க நேர்கிறது. அமிந்துனா என்ற தவசியிடம் பால் மாற்றிக்கொண்டு நிலைமையைச் சமாளிக்கிறாள். அந்தத் திருமணத்தில் பிறக்கும் பிள்ளை நிர்பிதா, பிற்காலத்தில் நிவாதகவசன். அப்புறம் அவள் பெண்ணாகவே திரும்பி வருகிறாள்.

இந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டு போனால் முஸ்தகவெனி அவளுக்குப் பேத்தி முறை ஆகிறாள்! கிளைக்கதைகள் ஒன்றையொன்று பார்த்து எழுதப்பட்டவை அல்ல, அதனால் ஒரே இரவில் இரண்டையும் முடிச்சுப் போட்டு யாரும் கேள்வி கேட்பதில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. சிகண்டியின் ஆண்-பெண் கேள்வி ஜாவாவுக்குத் தெரியாமல் போகவில்லை. போர்க்களத்திலிருந்து அதை எடுத்து வேறொரு கதைக்குள் பத்திரமாக வைத்துவிட்டார்கள். அதனால் பீஷ்மருக்கு எதிரில் போய் நிற்கும்போது அவள் யார் என்ற குழப்பமே எழுவதில்லை.

பீஷ்மரின் பக்கத்திலிருந்தும் கதையை மாற்றியிருக்கிறார்கள். காசி இளவரசிகள் மூவரையும் இளம் வயது பீஷ்மரான தேவவிரதன் தன் தம்பிகளுக்காக வென்று வருவது, அம்பை வேறொருவனுக்கு நிச்சயிக்கப்பட்டிருப்பது, அவன் மறுத்ததும் அவள் திரும்பி வந்து தேவவிரதனையே கேட்பது எல்லாம் நமக்குத் தெரிந்தபடிதான். இதற்கு மேல் ஜாவா கூடுதலாக ஒன்று செய்கிறது. பிரம்மச்சரிய விரதத்தைக் காப்பாற்ற வேண்டிய தேவவிரதன், அவளை விரட்டுவதற்காக வில்லில் அம்பு பூட்டிப் பயமுறுத்துகிறான். அம்பு கைநழுவிப் பாய்ந்து அம்பை அவன் கண்முன்னேயே சாகிறாள். பாரதப் போரில் ஒரு பெண் வீரரோடு வந்து உன்னை அழைத்துப்போவேன் என்கிறது அவள் குரல்.

இதனால் இரண்டு விஷயங்கள் தலைகீழாகின்றன. வடமொழியில் அம்பை சிவனிடம் வரம் வாங்கி, தீயில் விழுந்து, சிகண்டியாகவே மறுபிறவி எடுக்கிறாள். சிகண்டியின் வாழ்வு முழுவதும் அந்தப் பழைய பகைக்கு அடகு வைத்த வாழ்வு. ஜாவாவின் ஸ்ரீகண்டி அப்படிப் பிறக்கவில்லை. அவள் அவளாகவே பிறந்து, வளர்ந்து, கற்று, காதலித்து, சண்டை போட்டு வாழ்கிறாள். அம்பையின் ஆவி அவளோடு வந்து சேர்வது போர்க்களத்தில்தான். இன்னொன்று, பீஷ்மரின் சாவு சூழ்ச்சியாக இல்லாமல் போகிறது. கைநழுவிய அம்பால் ஒரு பெண்ணைக் கொன்ற மனிதருக்கு, இன்னொரு பெண்ணின் அம்பு பதிலாக வருகிறது. அவருக்கும் அது புரிகிறது.

அந்தப் போர்க்காட்சியின் ஒழுங்கு இப்படி: விராட நாட்டு மூத்த இளவரசன் சேதா பாண்டவர்களின் முதல் தளபதி. பீஷ்மர் அவனைக் கொல்கிறார். அவன் இடத்துக்கு ஸ்ரீகண்டி வருகிறாள், படைத்தலைவியாக. ஹ்ருசங்காலி என்ற அம்பை எய்கிறாள், பீஷ்மர் விழுகிறார். அவளுக்குத் துணையாக அர்ஜுனன் பின்னாலிருந்து எய்வதாகக் காட்டும் டலாங்குகளும் உண்டு. பழைய கதையின் நிழல் அவ்வளவு எளிதில் போய்விடாது. ஆனாலும் மரபு பெயர் சொல்லி நினைவில் வைத்திருப்பது ஸ்ரீகண்டியின் அம்பை.

இந்தக் காட்சியை நினைத்தபோதெல்லாம் பார்த்துவிட முடியாது. பாரதப் போர்க் கதைகளுக்குச் சக்தி அதிகம், வீட்டு விசேஷத்தில் ஆடக்கூடாது என்ற நம்பிக்கை ஜாவாவில் வலுவாக இருக்கிறது. கல்யாண வீட்டில் அர்ஜுனனின் திருமணம் போன்ற மங்கலக் கதைகளைத்தான் கேட்பார்கள். ஸ்ரீகண்டி வில் கற்கும் கதையும் அந்த வகையில் சேர்ந்துவிடுகிறது. போர்க்கதைகள் பெரும்பாலும் ஊரைத் தூய்மைப்படுத்தும் 'பெர்சே டேசா' சடங்குக்கு உரியவை. ஆக, பல குடும்பங்கள் ஸ்ரீகண்டியை முதலில் சந்திப்பது பீஷ்மரைக் கொன்றவளாக அல்ல, துடுக்கான மணப்பெண்ணாக.

அவளுடைய முடிவு கொடுமையானது. போர் முடிந்து, ஜெயித்தவர்கள் நிம்மதியாகத் தூங்கும் இரவில் அசுவத்தாமன் பாசறைக்குள் புகுந்து, தூக்கத்திலேயே அவளைக் கொல்கிறான். திருஷ்டத்யும்னனும், திரௌபதியின் ஒரே மகன் பஞ்சவாலாவும், துரியோதனனின் மனைவியாக இருந்த பானோவதியும் அதே இரவில் சாகிறார்கள். திரௌபதிக்கு ஒரே மகன் என்று சொன்னேன். ஜாவாவில் அவள் யுதிஷ்டிரருக்கு மட்டும் மனைவி, ஐவருக்கும் அல்ல. போர்க்களத்தில் வில்லோடு எதிர்த்து நிற்கும்போது ஸ்ரீகண்டியை யாரும் வீழ்த்தவில்லை என்பதைக் கூத்து கவனமாகக் காப்பாற்றியிருக்கிறது.

மேடையில் அவளை யார் ஆடினார்கள் என்பதிலும் வரலாறு இருக்கிறது. யோக்யகர்த்தா அரண்மனையில் மனிதர்கள் ஆடும் வயாங் வோங் நாட்டியத்தில் இருபதாம் நூற்றாண்டு வரை எல்லாப் பாத்திரங்களையும் ஆண்களே ஆடினார்கள், ஸ்ரீகண்டி உட்பட. சுரகார்த்தாவின் மங்குநெகரா அரண்மனையில் வேறு வழக்கம்: லங்கென்ட்ரியான் என்ற பாட்டு நாடகத்தில் பெண்களே ஆண் வேடமும் கட்டினார்கள். சுரகார்த்தாவின் ஸ்ரீவெடாரி போன்ற பொதுமக்கள் குழுக்களில் அர்ஜுனனைப் பெண்கள் ஆடுவதும் சகஜமாகிவிட்டது. பாவைக்கூத்தில் டலாங்குகள் பெரும்பாலும் ஆண்கள்தான் என்றாலும் பெண் டலாங்குகள் எப்போதும் இருந்து வந்திருக்கிறார்கள், இப்போதும் இருக்கிறார்கள். ஒரு பெண் டலாங் தன் சொந்தக் குரலிலேயே ஸ்ரீகண்டியைப் பேசும்போது, ஆண் குரலைக் கட்டி மேலே ஏற்றிப் பேசுவதில் இல்லாத ஒரு தெளிவு வந்துவிடுகிறது.

கூத்துக்கு வெளியே அவள் பெயர் மிக உரக்கக் கேட்டது 1988இல். சியோல் ஒலிம்பிக்ஸில் இந்தோனேசியப் பெண்கள் வில்வித்தை அணி வெள்ளி வென்றது. நூர்ஃபித்ரியானா சைமான், லிலிஸ் ஹந்தயானி, குசுமா வர்தானி என்ற மூவர். பயிற்சியாளர் டொனால்ட் பண்டியாங்கன். இறுதிச் சுற்றில் அமெரிக்காவோடு புள்ளிகள் சமமாகி, மறுபடி எய்து இரண்டாம் இடம் பிடித்தார்கள். எந்த விளையாட்டிலும் அந்த நாட்டுக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. பெண்கள், வில், பதக்கம் என்று மூன்றும் சேர்ந்தபோது பத்திரிகைகள் தலைப்புக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. மூன்று ஸ்ரீகண்டிகள் என்றார்கள், அந்தப் பெயர் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது.

யோக்யகர்த்தாவில் ஜெம்பாரிங்கான் என்ற மரபு வில்வித்தையும் நடந்துகொண்டிருக்கிறது. சப்பணமிட்டு உட்கார்ந்து, வில்லை நெஞ்சுக்குக் கீழே படுக்கவாட்டில் பிடித்து எய்யும் முறை. அரண்மனையில் தொடங்கியது, இப்போது ஊர்ச் சங்கங்களில் பரவிவிட்டது. பெண்கள் இடுப்பில் சுற்றிக்கட்டும் காயின் துணியும் கெபாயா சட்டையும் அணிந்து ஆண்களுக்குப் பக்கத்திலேயே அமர்ந்து எய்கிறார்கள்.

ஸ்ரீகண்டியைப் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு இன்று ஜாவாவுக்குப் போயே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. முழு இரவுக் கூத்துகளைப் பல டலாங்குகள் யூடியூபில் நேரலையாகவே ஒளிபரப்புகிறார்கள், பதிவுகளும் கிடைக்கின்றன. ஏழெட்டு மணி நேரத்தையும் உட்கார்ந்து பார்க்க முடியாதவர்கள், நள்ளிரவு தாண்டி கூத்தின் கோமாளிகளான செமாரும் அவர் பிள்ளைகளும் வந்து சிரிப்பும் பாட்டுமாக அமர்க்களப்படுத்தும் பகுதியிலிருந்து தொடங்கலாம். மொழி புரியாவிட்டால் பரவாயில்லை. திரையில் ஒரே உயரத்தில் மெலிந்த பெண் பாவைகள் இரண்டு நின்றால் கழுத்தைக் கவனியுங்கள், டலாங்கின் குரல் எப்போது மேலே ஏறுகிறது என்று கேளுங்கள். எது செம்பத்ரா, எது ஸ்ரீகண்டி என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.